தம்பி ரிசப்ஷனுக்கு வீட்டிலேயே செய்யும் ஃபோட்டோ பூத்: லைட்டுக்கு என்ன வழி?

மதுரைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். ரிசப்ஷன் அன்று மண்டபத்தில் ஒரு ஃபோட்டோ பூத் வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. வாடகைக்கு எடுப்பதைவிட நானே செய்து பார்க்கலாம் என்று இறங்கிவிட்டேன்.

கையில் இருப்பது: கேனானின் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் ஒன்று (18 மெகாபிக்சல்), அதோடு வந்த 18-55 லென்ஸ், உபுண்டு போட்ட பழைய லேப்டாப், 19 அங்குல மானிட்டர், சித்தப்பா பட்டறையில் மீந்த 12 மி.மீ. பிளைவுட். ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் நாலு படம் எடுத்து, பட்டையாக அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும்.

பெட்டியும் மென்பொருளும் எப்படியாவது வந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. லைட்தான் பிடிபடவில்லை. வீட்டு ஹாலில் ரிங் லைட் வைத்துப் பார்த்தால் கண்ணாடி போட்டவர்கள் கண்ணில் இரண்டு வெள்ளை வளையம் விழுகிறது. கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷைப் போட்டால் சுவரில் கன்னங்கரேல் என்று நிழல், நெற்றியெல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி பளபளப்பு. கேமராவை மாற்ற வேண்டுமா, லைட்டை மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

———

தூத்துக்குடி உப்பு எழுதியது:

வாழ்த்துகள் சகோதரி. ஒரு டேப்லெட், இரண்டு எல்இடி பேனல், ஒரு ஸ்டாண்டு. வேலை முடிந்தது. அக்கா மகள் சடங்குக்கு நான் இப்படித்தான் செய்தேன். எல்இடியில் ஒரு பெரிய நன்மை, திரையில் தெரிவதுதான் படத்தில் வரும். எடுக்கிறவர் யாரும் இல்லாத பூத்துக்கு அது முக்கியம். டிஎஸ்எல்ஆர், ஃபிளாஷ், அதை மின்ன வைக்கும் டிரிகர் என்று போனால் அன்றைக்கு முழுக்க ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டி வரும்.

———

பழைய ஸ்டூடியோ எழுதியது:

மதுரைக்காரி, நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: கேமராவைத் தொட வேண்டாம். 4×6 அச்சு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1200×1800 பிக்சல்தான், அதாவது 22 லட்சம் பிக்சல் கூட இல்லை. நீங்கள் சொல்லும் பட்டை 2 அங்குல அகலம். அதில் ஒரு படத்துக்கு வெறும் 600 பிக்சல் அகலம் போதும். உங்கள் கேமராவில் 180 லட்சம் இருக்கிறது. கையில் உள்ள காசு மொத்தத்தையும் லைட்டுக்கும் பிரிண்டருக்கும் வையுங்கள்.

இந்தப் பூத் சமாச்சாரத்தின் சூட்சுமம் என்ன என்று யோசித்தால் லைட் தானாகப் பிடிபடும். 1925இல் அனடோல் ஜோசபோ நியூயார்க் பிராட்வேயில் முதல் ஃபோட்டோமேட்டன் (தானாகப் படம் எடுக்கும் பூத்) கடையைத் திறந்தார். 25 சென்ட் போட்டால் 8 படம். இரண்டே வருடத்தில் அந்த உரிமை 10 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்தப் பெட்டிக்குள் ஃபோட்டோகிராஃபர் கிடையாது. ஆனால் உட்காரும் இடம், லென்ஸுக்கு உள்ள தூரம், விளக்கு, திரைச்சீலை எல்லாமே அசையாமல் நிலையாக இருந்தன. மாறியது முகம் ஒன்றுதான். அதனால்தான் ஆள் இல்லாமலே ஒவ்வொரு படமும் சரியாக வந்தது. உங்கள் பூத்திலும் ஆட்டோ என்று எழுதியிருக்கும் எதையும் நம்பாதீர்கள். ஆட்டோ எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்ச அளவு), ஆட்டோ ஃபோகஸ், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஆட்டோ ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) எல்லாம் நிறுத்த வேண்டியவை.

ஏன் என்று கல்யாணக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நாலு மாமாக்கள் வந்து நின்றால் ஆட்டோ கேமரா 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்' என்று குறைத்துவிடும். முகமெல்லாம் இருண்டு போகும். அடுத்து அரக்குப் பட்டில் மூன்று பேர் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஜரிகையும் நகையும் வெள்ளையாய் வெளுத்துவிடும். லைட் நிலையாக இருந்தால் எக்ஸ்போஷரும் நிலையாக இருக்கலாம். யார் என்ன உடுத்தி வந்தாலும் முகம் முகமாக வரும்.

இனி அமைப்பு. லென்ஸின் ஜூமை 24 மி.மீ.யில் வையுங்கள். 18இல் வைத்தால் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். ஆட்கள் லென்ஸிலிருந்து ஆறரை அடியில் நின்றால் 24இல் ஏறக்குறைய ஆறடி அகலம் கிடைக்கும், நாலைந்து பேர் தாராளமாகத் தோளோடு தோள் நிற்கலாம். அந்த ஆறரை அடிக்கு மேனுவலாக ஃபோகஸ் செய்து, ஃபோகஸ் வளையத்தையும் ஜூம் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். லென்ஸ் திறப்பை எஃப் 8இல் வைத்தால் நாலேகால் அடியிலிருந்து பதின்மூன்று அடி வரை தெளிவாக இருக்கும். குழந்தை முன்னால் ஓடி வந்து நின்றாலும் கவலை இல்லை.

ஷட்டர் 1/160 நொடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 400. ஒயிட் பேலன்ஸ் ஃபிளாஷ் குறியில். இதில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட கறுப்பாக வர வேண்டும். அது வந்துவிட்டால் மண்டபத்துச் சீரியல் லைட், மேடையில் சுழலும் ஊதா விளக்கு, வீடியோக்காரர் தூக்கிக்கொண்டு வரும் ஃபோகஸ் லைட் எதுவும் உங்கள் படத்துக்குள் நுழையாது. முகத்தில் விழுவது உங்கள் வெளிச்சம் மட்டும். எல்இடி பேனலால் இதைச் செய்ய முடியாது என்பதுதான் தூத்துக்குடித் தம்பிக்கு என் பதில்.

ஃபிளாஷ் எங்கே இருக்க வேண்டும்? கேமராவுக்கு நேர் மேலே, ஏழு அல்லது ஏழரை அடி உயரத்தில், வெள்ளைக் குடைக்குப் பின்னால். குடை வழியாக வெளிச்சம் பாயட்டும். உயரத்தில் இருந்து சாய்ந்து வருவதால் கண்ணாடியில் பட்டுத் தெறிப்பது கீழே போய்விடும், லென்ஸுக்குள் வராது. நிழலும் ஆளுக்குப் பின்னால் கீழே இறங்கிவிடும். பின்திரை ஆட்களுக்கு மூன்று நாலு அடி பின்னால் இருந்தால் சுவரில் நிழலே தெரியாது.

குடை உயரமானதும் கண்குழியிலும் தாடைக்குக் கீழும் கொஞ்சம் இருட்டும். அதற்கு இடுப்பு உயரத்தில், பெட்டிக்கு முன்னால், ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். சினிமா ஷூட்டிங்கில் பார்த்திருப்பீர்கள், அதே வித்தைதான். மேலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பி வரும். வயதானவர்கள் முகத்தில் இது எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பதை ஒருமுறை அட்டையை எடுத்தும் வைத்தும் பாருங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பூத் மென்பொருள்களில் 'பியூட்டி' என்று ஒரு ஃபில்டர் வரும். தோலை வெளுப்பாக்கி வழவழவென்று ஆக்கும். அதைத் தொடாதீர்கள். நம் ஜனங்களின் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வேண்டியது பெரிய விளக்கு. சின்ன ஃபிளாஷ் நேராக அடித்தால் கறுப்புத் தோலில் வியர்வைப் புள்ளிகள் மட்டும் பளிச்சிடும், மற்றதெல்லாம் இருட்டு. அதுவே மூன்றடிக் குடையானால் கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கின் மேலும் அகலமான, மெல்லிய மினுமினுப்பு விழும். முகத்தின் வடிவம் அதில்தான் தெரியும். வீட்டிலேயே கறுப்பான ஒருவரையும் சிவப்பான ஒருவரையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, வெள்ளைச் சட்டையில் மடிப்பு தெரிகிற அளவுக்கு ஃபிளாஷை ஏற்றி, அதோடு நிறுத்துங்கள். இரண்டு முகமும் அவரவர் நிறத்தில் நன்றாக வரும்.

———

தூத்துக்குடி உப்பு எழுதியது:

//எல்இடி பேனலால் இதைச் செய்ய முடியாது//

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி, மண்டபத்து வெளிச்சத்தை எல்இடி முழுசாக அடக்காது. ஆனால் டேப்லெட், வெப்கேம், ராஸ்பெரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர்) கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஃபிளாஷ் வழியே கிடையாதே. அந்தச் சென்சார்கள் படத்தை வரிவரியாக மேலிருந்து கீழே படிக்கின்றன. ஃபிளாஷ் ஒரு கணம் மின்னினால் படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளிச்சமாக வரும். அவர்கள் என்ன செய்வது?

———

பழைய ஸ்டூடியோ எழுதியது:

நியாயமான கேள்வி. அவர்களுக்கு எல்இடிதான். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். மட்டமான எல்இடியில் சிவப்பு குறைவு, நம் தோல் சாம்பல் பூத்த மாதிரி வரும், குங்குமப்பொட்டு பழுப்பாகும். இரண்டாவது, பூத்தை மேடைக்குப் பக்கத்தில் வைக்காமல் மண்டபத்தில் இருட்டான மூலையைத் தேடிப் பிடியுங்கள், மேலே கூரை மாதிரி கறுப்புத் துணி கட்டுங்கள். மூன்றாவது, பேனலை நேராகத் திருப்பாமல் ஒரு துணி வழியாக அனுப்புங்கள். வெள்ளைப் பருத்தி வேட்டி ஒரு மடிப்பு அருமையாக வேலை செய்யும். புது வேட்டியாக இருக்கட்டும். நாள்பட்டு மஞ்சள் ஏறியதாக இருந்தால் முகமும் மஞ்சளாகும். எல்இடி சூடு ஏறினால் துணி அதைத் தொடாத தூரத்தில் நிற்க வேண்டும், அதை மறக்கக் கூடாது.

———

ரொறொன்ரோவிலிருந்து எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக்காரன், கனடாவில் இருக்கிறேன். எல்இடி வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். படத்தில் கறுப்புக் கோடுகள் கிடையாக ஓடினால் அது கமரா பழுது அல்ல. மின்சாரத்தின் துடிப்பு. இங்கே 60 ஹெர்ட்ஸ், ஊரில் 50. மலிவான எல்இடி செக்கனுக்கு அதன் இரண்டு மடங்கு தடவை மங்கி எரியும். அதனால் இங்கே நாங்கள் ஷட்டரை 1/60 அல்லது 1/120இல் வைக்கிறோம். நீங்கள் 1/50 அல்லது 1/100 வையுங்கோ. வெப்கேமில் ஷட்டர் வைக்கேலாது என்றால் அதன் அமைப்புக்குள் மின்சார அலைவரிசை என்று ஒரு தெரிவு இருக்கும், 50க்கு மாற்றிவிடுங்கோ. பிரகாசத்தைக் குறைக்கிற டிம்மரும் சிலவேளை இப்படித் துடிக்கும். முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு விளக்கைத் தள்ளி வைப்பது நல்லது.

———

மதுரைக்காரி எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஃபிளாஷ் என்று முடிவு செய்துவிட்டேன். பெரியப்பா மகனிடம் கேமரா தலையில் செருகும் ஹாட் ஷூ ஃபிளாஷ் ஒன்று இருக்கிறது, வேறு கம்பெனி. வயர்லெஸ் டிரிகரும் குடையும் வாங்கியாயிற்று.

ஒரு சிக்கல். கேமராவைக் கையில் எடுத்து அடித்தால் ஃபிளாஷ் மின்னுகிறது. லேப்டாப்பில் இணைத்து, திரையில் ஆட்கள் தெரிகிற மாதிரி வைத்து எடுத்தால் மின்னவே இல்லை. படம் கறுப்பு. அதற்கு முன்பே திரையிலும் ஒன்றும் தெரியவில்லை, மங்கலாக உருவம் மட்டும் அசைகிறது. டிரிகரில் புது பேட்டரி போட்டுப் பார்த்துவிட்டேன்.

———

சேலம் வயர்மேன் எழுதியது:

அக்கா, டிரிகர் நன்றாகத்தான் இருக்கிறது. இது இரண்டு தனித்தனி விஷயம்.

ஒன்று: கேனானின் ஆரம்பநிலை கேமராக்களில் லைவ் வியூ (திரையில் நேரடியாகக் காட்டுவது) ஓடும்போது மற்ற கம்பெனி ஃபிளாஷ் மின்னாது. கையேட்டிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கொஞ்சம் பெரிய மாடல்களில் 'சைலண்ட் ஷூட்டிங்'கை நிறுத்தினால் மின்னும். உங்களுடையதில் லைவ் வியூவை நிறுத்திவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும்.

இரண்டு: திரை இருட்டாக இருப்பது எக்ஸ்போஷர் சிமுலேஷன். எஃப் 8, 1/160 என்று வைத்திருப்பதால் 'இந்த வெளிச்சத்தில் படம் இப்படித்தான் வரும்' என்று கேமரா இருட்டாகக் காட்டுகிறது. ஃபிளாஷ் வரப்போவது அதற்குத் தெரியாது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வு: ஆட்கள் தங்களைப் பார்த்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு வெப்கேம். டிஎஸ்எல்ஆர் படம் எடுக்க மட்டும். ராஸ்பெரி பையில் ஓடும் பைபூத் மென்பொருளில் இந்தக் கலப்பு முறை உள்ளேயே இருக்கிறது, பை கேமரா முன்னோட்டத்துக்கு, டிஎஸ்எல்ஆர் படத்துக்கு. டிஎஸ்எல்ஆர் சென்சாரும் மூன்று மணிநேரம் லைவ் வியூவில் கிடந்து சூடாகாது. வெப்கேம் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிக் காட்டுங்கள், இல்லையென்றால் எல்லோரும் எதிர்ப்பக்கம் நகர்ந்து இடித்துக்கொள்வார்கள். அச்சில் மாற்றக் கூடாது, பேனரில் உள்ள பெயர் இடவலம் மாறிவிடும்.

உபுண்டுவில் இன்னொரு தொந்தரவும் வரப்போகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். கேமராவைச் செருகியதும் டெஸ்க்டாப்பே அதைப் பென் டிரைவ் மாதிரி திறந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் கேமராவை இயக்கும் ஜிஃபோட்டோ2 மென்பொருள் கேட்டால் யுஎஸ்பி கருவியைப் பிடிக்க முடியவில்லை என்று பிழை வரும். ஜிவிஎஃப்எஸ் என்ற பின்னணிச் சேவையில் ஜிஃபோட்டோவுக்கான பகுதியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் அது மறுபடி எழுந்துவிடும், ஆகவே நிரந்தரமாக முடக்கி வையுங்கள்.

கேமராவில் ஆட்டோ பவர் ஆஃப் நிறுத்தம். பேட்டரிக்குப் பதிலாக, பேட்டரி வடிவிலேயே வரும் டம்மி அடாப்டர் வாங்கிக் கரண்டில் ஓட்டுங்கள். படத்தைச் சின்ன ஜேபெக்காக எடுங்கள், லேப்டாப்புக்குச் சீக்கிரம் வரும். பழைய ஸ்டூடியோ அண்ணன் சொன்ன கணக்குப்படி அதுவே அதிகம்.

பொத்தானுக்குப் பழைய யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைப் பிரியுங்கள். உள்ளே சின்ன சர்க்யூட் அட்டை இருக்கும். எந்த இரண்டு முனை சேர்ந்தால் என்டர் விழுகிறது என்று கண்டுபிடித்து, அங்கே உங்கள் சிவப்புப் பொத்தானின் இரண்டு வயரையும் பற்றவையுங்கள். லேப்டாப்புக்கு அது கீபோர்டுதான், வேறு நிரல் ஒன்றும் எழுத வேண்டாம். வயர் நீளமாகப் போனால் லேன் கேபிளில் முறுக்கிய ஜோடி ஒன்றைப் பயன்படுத்துங்கள். ராஸ்பெரி பையில் பொத்தானை நேராகக் கொடுப்பவர்கள் பொத்தானுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டால், ஒரு அமுக்குக்கு இரண்டு முறை எடுக்கும் பிரச்சினை வராது.

———

ஆசாரி மகன் எழுதியது:

பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 12 மி.மீ. பிளைவுட் போதும், ஆனால் கனமாக இருக்கும். ஒரே பெட்டியாகச் செய்யாதீர்கள். மேல்பெட்டி தனி, கால் பகுதி தனி. நாலு போல்ட், சிறகு நட்டு போட்டால் மண்டபத்தில் கையாலேயே கழற்றலாம், காரின் பின்சீட்டிலும் அடங்கும்.

லென்ஸ் துளை திரைக்கு மேலே, முடிந்த அளவுக்குத் திரையை ஒட்டி இருக்கட்டும். ஆட்கள் பார்ப்பது திரையைத்தான், லென்ஸை யாரும் பார்ப்பதில்லை. துளை ஒரு ஜாண் தள்ளிப் போனாலே எல்லோரும் எங்கோ பார்ப்பது போல வரும். கவுண்ட்டவுன் எண்ணைத் திரையின் மேல்விளிம்பில் வரச் செய்து, துளையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் ஒன்று வரைந்துவிடுங்கள். லென்ஸ் தரையிலிருந்து நாலரை அடி. குழந்தைகளுக்கு ஒரு மணைப்பலகை பக்கத்தில் போட்டு வையுங்கள்.

உள்பக்கம் முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட். பின்கதவுக்குக் கீல் போட்டு, கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் துளை, மேல்துளையில் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன். ராஸ்பெரி பை 80 டிகிரி தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூட்டுக்கு நேரம் ஆகாது.

குடை ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாமல் விட்டுவிடாதீர்கள். அஞ்சு கிலோ அரிசிப் பையில் மணல் நிரப்பிப் போட்டாலே போதும். கல்யாண வீட்டில் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டம் தெரியுமே. தரையில் போகும் வயர் அத்தனையையும் டேப் போட்டு ஒட்டுங்கள்.

———

கோவை பெடல் எழுதியது:

ஒரு யோசனை. பின்னால் பச்சைத் திரை கட்டினால் மீனாட்சியம்மன் கோபுரம், தெப்பக்குளம், வேண்டுமானால் நிலா என்று எதை வேண்டுமானாலும் பின்னணியில் வைக்கலாமே?

———

பழைய ஸ்டூடியோ எழுதியது:

கல்யாணத்துக்கு வேண்டாம். வருகிற பெண்களில் எத்தனை பேர் பச்சைப் பட்டில் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புடவை மறைந்து கோபுரம் தெரியும். நீலத்திரை போட்டால் நீலப் பட்டுக்கு அதே கதி. போதாததற்கு ஜரிகையும் நகையும் பச்சையைப் பிரதிபலித்து ஓரமெல்லாம் ஓட்டை விழும், கூந்தலில் வைத்த மல்லிகைச் சரத்தின் விளிம்பு பிய்ந்த மாதிரி இருக்கும். திரைக்குத் தனியாகச் சமமான விளக்கும் வேண்டும். நல்ல துணி ஒன்றைச் சுருக்கமில்லாமல் கட்டுங்கள். மஞ்சள் கலந்த சந்தன நிறமோ சாம்பல் நிறமோ எந்தப் புடவையோடும் சேரும். வெள்ளைத் துணியில் வெள்ளை வேட்டி கரைந்துவிடும், ஆதலால் அது வேண்டாம்.

———

தூத்துக்குடி உப்பு எழுதியது:

பிரிண்டரைப் பற்றி யாராவது சொல்லுங்கள். இங்க்ஜெட் போதாதா?

———

சேலம் வயர்மேன் எழுதியது:

இங்க்ஜெட்டில் மை காயும் முன் விரல் படும், கையில் சந்தனமும் பன்னீரும் இருக்கிற இடம் வேறு. டை சப்ளிமேஷன்தான் சரி. மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று முறை தாள் உள்ளே வெளியே போய்வந்து, நாலாவது முறை மேலே ஒரு பாதுகாப்புப் படலம் ஏறும். வெளியே வந்ததுமே தொடலாம், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

கேனான் செல்ஃபி சிபி1500 என்ற சின்ன பிரிண்டருக்கு ஒரு படத்துக்கு 41 நொடி. 108 தாள் பெட்டியில் மூன்று ரிப்பன், ஒவ்வொன்றும் 36 படம். தட்டில் ஒரு தடவைக்கு 18 தாள்தான் வைக்க முடியும். ஆகவே யாராவது ஒரு ஆள் அடிக்கடி வந்து தாள் போட வேண்டும். தாள் பின்பக்கமாகவும் வெளியே நீளும், பெட்டிக்குள் பின்னால் இடம் விடுங்கள். கூட்டம் பெரிதென்றால் டிஎன்பி ஆர்எக்ஸ்1எச்எஸ் மாதிரி ரோல் பிரிண்டரை அன்று மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். 4×6 அளவில் ஒரு ரோலுக்கு 700 படம், ஒரு படத்துக்குப் பன்னிரண்டு நொடியை ஒட்டி. 2×6 பட்டையாக அதுவே வெட்டியும் கொடுக்கும். செல்ஃபியில் 4×6 தாளில் ஒரே பட்டையை இரண்டாக அடித்து நடுவில் நீங்கள் வெட்ட வேண்டும். ஒன்று வந்தவருக்கு, ஒன்று உங்கள் வீட்டு ஆல்பத்துக்கு. எனக்கு அதுவே பிடிக்கும்.

அச்சில் ஓரம் இரண்டு மூன்று மி.மீ. வெட்டுப்படும். பெயர், தேதி எல்லாம் ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். ரிப்பனில் தூசி ஒட்டினால் படத்தில் வெள்ளைப் புள்ளியாக வரும், தாள் தட்டைத் திறந்து போடாதீர்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் லேப்டாப் தாங்கும், ராஸ்பெரி பை தாங்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டே கெட்டுவிடலாம். ஒரு 600 விஏ யுபிஎஸ் போடுங்கள். கரண்டில் ஓடும் ஸ்டூடியோ ஃபிளாஷை மட்டும் அந்த யுபிஎஸ்ஸில் செருகாமல் தனியாகக் கொடுங்கள்.

———

ஆசாரி மகன் எழுதியது:

க்யூஆர் போட்டுப் படத்தை ஃபோனில் இறக்குகிற மாதிரி செய்கிறார்களே, அதைச் செய்வதாக இருந்தால் மண்டபத்துக்குள் மட்டும் ஓடும் ஒரு வைஃபை ரவுட்டரில் வையுங்கள். பிள்ளைகள், வயசுப் பெண்கள் படமெல்லாம் இருக்கும். வெளியே இணையத்தில் ஏற்றிவிட்டால் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

———

மதுரைக்காரி எழுதியது:

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி. பூத்தில் எது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், அடுத்துச் செய்பவர்களுக்கு உதவும்.

முந்தின நாளே மண்டபத்துக்குப் போய் 'கறுப்புப் படம்' சோதனை செய்தோம். 1/160, எஃப் 8, ஐஎஸ்ஓ 400இல் மேடை விளக்கு எல்லாம் எரிந்தும் படம் கறுப்பாகவே வந்தது. குடை ஏழேகால் அடியில், ஃபிளாஷ் 1/4 சக்தியில். நாலு படத்துக்கும் இடையில் நாலு நொடி விட்டதால் ஒரு தடவைகூட ஃபிளாஷ் பின்தங்கவில்லை. பேட்டரி இரண்டு செட் மாற்றி மாற்றிச் சார்ஜில் இருந்தது.

எனக்கு இருந்த பெரிய கவலை பெரிய கூட்டம். முன்வரிசை முகம் வெளுத்து, பின்வரிசை இருட்டிவிடுமோ என்று. பழைய ஸ்டூடியோ அண்ணனுக்குத் தனிமடல் போட்டேன். அவர் சொன்ன கணக்கை இங்கேயும் எழுதிவிடுகிறேன். விளக்கிலிருந்து 5 அடியில் இருப்பவருக்கு விழும் வெளிச்சத்தில் 8 அடியில் இருப்பவருக்கு 40 சதவீதம் கூடக் கிடைக்காது. அதே விளக்கைப் பின்னுக்குத் தள்ளி, முன்வரிசை 8 அடி, பின்வரிசை 11 அடி என்று ஆக்கினால் பின்னால் இருப்பவருக்கு 53 சதவீதம் கிடைக்கும். ஆகவே ஸ்டாண்டைப் பெட்டிக்கு மூன்றடி பின்னால் நகர்த்தி, குடையின் மூக்கைப் பின்வரிசைத் தலைகளைப் பார்த்துத் திருப்பினோம். முன்வரிசைக்குக் குடையின் விளிம்பு வெளிச்சம்தான் விழுந்தது. அந்த ஏற்பாட்டுக்கு ஃபிளாஷை 1/2க்கு ஏற்ற வேண்டியிருந்தது, இடைவெளியை ஆறு நொடி ஆக்கினோம். பெண் வீட்டு ஆட்கள் இரண்டு வரிசை நின்ற படத்தில் எல்லா முகமும் ஒரே மாதிரி வந்திருக்கிறது.

தெர்மகோல் அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பத்தாவுக்குக் கண்ணாடி தடிமன், கண் உள்ளே போயிருக்கும். அவர் படமென்றாலே இரண்டு இருட்டுக் குழிதான் வரும். அட்டை வைத்து எடுத்ததில் கண்ணாடிக்குள் கண்ணின் கருமணி தெரிகிறது, அதில் ஒரு வெள்ளைப் பொட்டாகக் குடை தெரிகிறது, மூக்குத்திக் கல் ஏழும் தனித்தனியாக எண்ண முடிகிறது. அந்தப் பட்டையை அவர் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

பியூட்டி ஃபில்டர் போடச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். போடவில்லை. அச்சு கைக்கு வந்ததும் யாரும் மறுபடி கேட்கவில்லை.

பிரிண்டர் செல்ஃபிதான். சாப்பாட்டுப் பந்தி மாறும் நேரத்தில் வரிசை நீண்டது. அப்போது நாலு படத்துக்குப் பதில் ஒரே பெரிய படம் என்று மாற்றினோம், நேரம் மிச்சமாயிற்று. தாள் போடுவதற்கு அத்தை மகன் கூடவே நின்றான்.

———

கோவை பெடல் எழுதியது:

அருமை. அண்ணிக்கு அடுத்த மாதம் வளைகாப்பு, வீட்டு ஹாலில்தான். அங்கே குடை வைக்க இடமே இல்லை, அறை சின்னது. என்ன செய்யலாம்?

———

பழைய ஸ்டூடியோ எழுதியது:

சின்ன அறை என்றால் குடையே தேவையில்லை. பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவர் வெள்ளையா? வெள்ளை என்றால் ஃபிளாஷை ஆட்களைப் பார்த்து வைக்காமல், அந்தச் சுவரும் மேல்கூரையும் சேரும் இடத்தைப் பார்த்துத் திருப்புங்கள். சுவர் முழுக்க விளக்காகிவிடும். அதைவிட மிருதுவான வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஃபிளாஷ் சக்தியை மட்டும் கூட்ட வேண்டியிருக்கும். சுவரில் பச்சையோ ரோஸோ பெயின்ட் இருந்தால் முகத்தில் அந்த நிறம் ஏறும், அப்போது சுவரில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைத் தொங்கவிடுங்கள்.

———

கோவை பெடல் எழுதியது:

சுவர் வெள்ளைதான் அண்ணா. மதுரைக்காரி, உங்கள் மேல்பெட்டியின் அளவு கொடுக்க முடியுமா? ஆசாரியிடம் காட்ட வேண்டும்.

———

மதுரைக்காரி எழுதியது:

மேல்பெட்டி: அகலம் 20 அங்குலம், உயரம் 24, ஆழம் 16. மானிட்டருக்கு வெட்டிய சட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே லென்ஸ் துளை, 4 அங்குல வட்டம். வெப்கேம் அந்தத் துளைக்கு இடப்பக்கம். பிரிண்டர் கீழ்த்தட்டில், பின்னால் 8 அங்குலம் இடம் விட்டு. பொத்தான் வலது கை எட்டுகிற மாதிரி முன்பக்கச் சரிவில். கேமரா உட்காரும் பலகையை ஸ்க்ரூ போட்டு இறுக்காமல் இரண்டு எல் ஆங்கிளில், மேலே கீழே நகர்த்துகிற மாதிரி நீள்துளை வெட்டிச் செய்யுங்கள். படம் வரைந்து வைத்திருக்கிறேன், தனிமடலில் அனுப்புகிறேன்.